இரண்டாம் எஞ்சின் நின்றபோதெல்லாம்

நம் காலத்துக் கம்ப்யூட்டருக்குச் சட்டை உண்டு, உங்களுக்கு நினைவிருக்கும். மானிட்டருக்கு ஒன்று, சிபியுவுக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று. என் அம்மா ரவிக்கைத் துணியில் மிச்சம் பிடித்து, ஓரத்துக்கு லேஸ் வேறு வைத்துத் தைத்திருந்தாள். நாற்பதைத் தொட்டுவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஃபோன் படிக்கிற நமக்கு இப்போது அது சிரிப்பாக இருக்கலாம். அந்தச் சட்டைகளைக் கழற்றி ஒழுங்காக மடித்து வைத்தால்தான் நான் விமானம் ஓட்ட முடியும். மடிக்காமல் எறிந்தேன் என்றால் அன்றைக்கு விமானம் கிடையாது. அம்மாவின் சட்டம் அது.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு மழைக்காலத்தை. அப்போது ஒன்பதாம் வகுப்பு. சேரம்பாடிப் பக்கம் ஓர் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் அப்பாவுக்குக் கிளார்க் வேலை. கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காக மலையேறியவர். மழையைக் கடைசிவரை சொந்தப் பகையாளியாகவே பார்த்தார். குவார்ட்டர்ஸுக்குத் தகரக் கூரை. ஆனி பிறந்துவிட்டால் தகரத்தில் விழுகிற சத்தத்தில் பேச்சே எடுபடாது. சோறு போடவா என்பதைக்கூட அம்மா கையால்தான் கேட்பாள்.

கம்ப்யூட்டர் மாமா கொடுத்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி, கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்பவர். தனக்குப் பழசாகிப்போன ஒன்றைச் சணல் சாக்கில் கட்டி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். "அம்மிணி படிக்கட்டுமுங்க மச்சான்" என்றார் அப்பாவிடம். படிப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. இருந்தது விமானம் ஓட்டுகிற விளையாட்டு. விளையாட்டு என்று சொன்னால் மாமாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "கேம் இல்ல அம்மிணி, சிமுலேட்டர். நெசமான பைலட்டுகளே இதுலதான் பழகறாங்க" என்பார்.

அதோடு கூட வந்த சின்ன விமானங்கள் சொன்னபடி கேட்டன. பெரிய பயணிகள் விமானம்தான் படுத்தியது. வெளிநாட்டில் யாரோ தனியாகச் செய்து, மாமா சிடியில் ஏற்றித் தந்த விமானம் அது. ஆட்ஆன் என்று அதற்குப் பேர். மாப்பிள்ளை முறுக்கோடுதான் வீட்டுக்குள் வந்தது. வேகமும் உயரமும் காட்டுகிற முள்காட்டிகளில் பாதி கறுப்புக் கட்டமாக நிற்கும். சக்கரம் ரன்வேக்குள் புதைந்திருக்கும். முதலில் சின்ன விமானம் ஒன்றை ஏற்றி, அதன் எஞ்சினை ஓடவிட்டு, பிறகு இதற்கு மாற வேண்டும். நேராகப் போய் எழுப்பினால் எழுந்திருக்காது. இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சரிசெய்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்றைக்கு என் பிழைப்பும் கோளாறு கண்டுபிடிக்கிறதுதான். அதற்கான விதை அந்தக் கறுப்புக் கட்டங்களில் விழுந்தது.

ஆனால் இரண்டாம் எஞ்சின் மட்டும் எனக்கு அடங்கவில்லை. ஏறிக் கொஞ்ச நேரத்தில், எந்தக் காரணமும் இல்லாமல், வலப்பக்க எஞ்சின் நின்றுபோகும். மணி அடிக்கும், மஞ்சள் விளக்கு எரியும், மூக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். கீபோர்டின் நம்பர் கட்டைகளில் சைபரை விடாமல் அழுத்திப் பிடித்தால் இடப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நேராகும். அப்புறம் ஒற்றை எஞ்சினோடு வட்டமடித்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து இறங்க வேண்டும். சைபர் கட்டையில் எழுத்தே அழிந்துபோயிருந்தது.

இனி மடுவத்தம்மாவைச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள். கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற கொட்டகையை அவர்கள் பிள்ளை மடுவம் என்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டவர் மடுவத்தம்மா. ஐம்பது வயதிருக்கும். என்னையும் சின்ன வயதில் அங்கேதான் விட்டிருந்தார்கள் என்பதால் அவர் எங்கள் வீட்டில் பாதி உரிமைக்காரர்.

அந்த வருஷம் சிலோனில் சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. அவருடைய அக்கா அங்கே கண்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில், படுத்த படுக்கையாக இருந்தார். தாய் இல்லாத மடுவத்தம்மாவை வளர்த்த அக்கா. இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து ஆட்களைப் பிரித்துக்கொண்டபோது அக்காவுக்கு அந்த நாடு, இவருக்கு இந்த நாடு என்று விழுந்தது. பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கவேயில்லை. அக்கா மகன் ஆபீஸுக்கே ஃபோன் செய்திருந்தார். சித்தியைப் பார்க்கணும் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறது, சரி என்று சொன்னால் திருச்சியிலிருந்து கொழும்புக்கு டிக்கெட் எடுத்துவிடுவேன் என்றார். இருக்கிற நாள் அதிகமில்லை என்றும் சொன்னார்.

பாஸ்போர்ட் பாரத்தை அப்பாதான் நிரப்பினார். எங்கள் முன்னறையில், மழைச் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டு.

"ஏனுங்கம்மா, நீங்க எப்பத் திரும்பி வந்தீங்க?"

"திரும்பி வரலீங்க ஐயா. வந்தேன்."

"அதத்தானுங்க கேக்கறேன். தாயகம் திரும்பியோர்னு உங்க கார்டுலயே போட்டிருக்குதுங்களே."

"கார்டுல அப்பிடித்தான் இருக்கு. நான் பொறந்தது அங்க தானே ஐயா. இந்தப் பக்கத்தக் கண்ணாலயும் கண்டதில்ல. காணாத ஊருக்கு எப்பிடித் திரும்பி வாறது?"

அப்பா சிரித்துவிட்டார். "ரெண்டும் ஒண்ணுதானுங்க" என்று சொல்லிவிட்டு, வருஷத்தை எழுதினார்.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. ஆனால் டிக்கெட் எடுக்கச் சொல்லலாமா என்று கேட்டால் மடுவத்தம்மா "யோசிக்கணும் ஐயா" என்பார். மறுநாளும் அதையே சொல்வார். பிளேனைக் கண்டு பயம் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, முதல் தடவை பிளேன் ஏறுகிற யாருக்கும் வருகிற பயம்தானே என்று எல்லோரும் தெளிவாக இருந்தார்கள்.

மழை விடட்டும் என்று உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இது திருச்சியில இருந்து கொழும்புக்குப் போகுமா புள்ள?"

போகும் என்றேன். போகவில்லை. புதுக்கோட்டை தாண்டி, கடல் கண்ணில் படுவதற்குள் இரண்டாம் எஞ்சின் நின்றது. மணி அலறியது. நான் சைபரை அழுத்திக்கொண்டே விமானத்தைத் திருப்பினேன்.

"இப்ப எங்க போறோம்?"

"திருச்சிக்கே திரும்பிடுவோம். எஞ்சின் நின்னா அப்படித்தான்."

இறங்கி நின்றதும் பெரிய மூச்சாக விட்டார். "திரும்பிட்டோம் தானே?" என்று ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டு, ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு தடவையும் கொழும்புக்குப் புறப்படுவோம், ஒவ்வொரு தடவையும் திருச்சியில் இறங்குவோம். அவர் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, எஞ்சின் எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

அம்மாவுக்கு இது தெரிந்ததும் எனக்கு நல்ல பூசை. "அந்தம்மா பிளேன்ல போகப் போகுது. அதுகிட்டப் போயி எஞ்சின் நிக்கறதக் காட்டறயே, உனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்குதா? அபசகுனமாட்ட!" அப்பாவும் சேர்ந்துகொண்டார். விமானம் சரியாகாமல் அந்தம்மா முன்னால் அதை ஓட்டக்கூடாது. சீக்கிரம் சரியாக வேண்டும். சரியாகி, ஒரு தடவை சொக்கமாகக் கொழும்பு போய்க் காட்டிவிட்டால் அவருக்குப் பயம் தெளிந்துவிடும். வீடே விமானம் பழுதுபார்க்க இறங்கியது.

எங்கள் பக்கத்தில் எது கெட்டாலும் முதல் குற்றவாளி ஈரம். தீக்குச்சி உரசவில்லையா, ஈரம். ரேடியோ கரகரக்கிறதா, ஈரம். பெல்ட்டில் பச்சைப் பூஞ்சை, சிடியில் வெள்ளைப் பூஞ்சை, உப்பு ஜாடியில் தண்ணீர், எல்லாம் ஈரம். அதற்கு எங்களிடம் இருந்தது ஒரே மருந்து, பல்பு. துணி பீரோவுக்குள் ஒரு நாற்பது வாட் பல்பு மழைக்காலம் முழுக்க அணையாமல் எரியும். மலையில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சமவெளியிலிருந்து வந்த உறவுக்காரர்கள் பீரோவைத் திறந்ததும் உள்ளேயிருந்து வெளிச்சம் வருவதைப் பார்த்துப் பதறுவார்கள்.

ஆக, விமானத்தைத் திருப்புகிற கைப்பிடியான ஜாய்ஸ்டிக்கும் பீரோவுக்குள் போனது. அம்மாவின் பட்டுச் சேலைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவில் படுத்துக் கிடக்கும். வெளியே எடுத்தால் இளஞ்சூடாக, நாப்தலின் உருண்டை வாசனையோடு இருக்கும். அப்பா சிபியுவின் பக்கப் பலகையைக் கழற்றி, வயர் இழுத்து உள்ளேயே ஒரு பல்பைத் தொங்கவிட்டார். வெதுவெதுப்புக்கு ஒரு பூரான் வந்து குடியேறியதுதான் மிச்சம். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். எண்ணெய் இருக்கிறதா என்று டாங்க் டாங்காகப் பார்த்தேன். இரண்டாம் எஞ்சின் தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

மாமாவிடம் கேட்க சேரம்பாடி பஜாரில் எஸ்டிடி பூத்துக்குப் போவேன். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, மழைக்கு மேலே, "மாமா, மறுபடியும் ஏறுன உடனே எஞ்சின் நின்னு போச்சு! ஆமா, ரெண்டாவது! கீழ இறக்கிட்டேன், யாருக்கும் ஒண்ணும் ஆகல!" என்று கத்தினேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் முகம் வெளுத்துப்போனார்கள். பூத்துக்காரச் சேட்டன், "எவிடெயா மோளே? ஆர்க்கெங்கிலும் பற்றியோ?" என்று காசு வாங்க மறந்து கேட்டார்; எங்கே, யாருக்காவது அடிபட்டதா என்கிறார். நான் வீடு போய்ச் சேர்வதற்குள், தோட்டத்து லாரி மலைப்பாதையில் எஞ்சின் நின்று உருண்டுவிட்டது என்று ஆபீஸில் அப்பாவுக்கே சேதி போயிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவே வந்தார். ஈரச் சட்டையை மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கெங்கோ திறந்து பார்த்துக்கொண்டே வந்தவர், ஒரு பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டார். எந்த உறுப்பு எப்போது கெட வேண்டும் என்று நாமே சொல்லி வைக்கிற பக்கம் அது. பைலட்டுகள் பழகுவதற்காக வைத்திருப்பது. அதில் இரண்டாம் எஞ்சினுக்கு நேராக ஒரு டிக்.

"அடக் கெரகமே" என்றார். "நாந்தான் அம்மிணி. ஒத்த எஞ்சின்ல எறக்கிப் பழகறதுக்குப் போட்டு வெச்சேன். எடுக்காம அப்படியே சேவ் பண்ணிப்போட்டனாட்ட இருக்குது." புதிதாக ஏற்றினாலும் பழைய சேவ் மட்டும் வேறு இடத்தில் பத்திரமாக உட்கார்ந்திருந்திருக்கிறது.

அப்பா தொங்கிக்கொண்டிருந்த பல்பைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "ஆடி மாசம் பூராவும் பல்பு எரிச்சனே மாப்ள!" என்றார். அம்மா சிரித்த சிரிப்பு அந்த மழையிலும் பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்குக் கேட்டிருக்கும்.

அன்றைக்குச் சாயங்காலமே மடுவத்தம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினோம். அம்மா வாழைக்காய் பஜ்ஜி போட்டாள். அவரை நடுவில் உட்காரவைத்து, நாங்கள் சுற்றி நின்றோம். திருச்சியில் ஏறினேன். புதுக்கோட்டை போனது, தொண்டிக் கரை போனது, நீலமாகக் கடல் வந்தது. "இதுதான் கடலுங்கம்மா, பாத்தீங்களா, ஒரு சத்தமில்ல" என்று மாமா பக்கத்தில் நின்று எடுத்துச் சொன்னார். கொழும்பில் நான் இறக்கிய மாதிரி அதற்குமுன் எந்த விமானத்தையும் இறக்கியதில்லை. மாமா கை தட்டினார்.

மடுவத்தம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க. வந்து சேந்தாச்சு" என்றார் அப்பா.

"இன்னிக்கு இது திரும்பலியே."

"எதுக்குங்க திரும்போணும்? கோளாறு எதுவுமே இல்லீங்களே!"

அவர் பஜ்ஜியைத் தொடவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில், ஃபேக்டரியில் வேலை பார்த்த அவர் மகன் ஆபீஸுக்கு வந்து, அம்மா போகவில்லையாம், டிக்கெட் எடுக்க வேண்டாம் என்று கண்டிக்குச் சொல்லிவிடுங்கள் என்றான்.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கடலை அவ்வளவு பெரிதாகக் காட்டியிருக்கக் கூடாது என்றார் மாமா. தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்து ஏற்றிவிடலாம் என்பது அப்பாவின் யோசனை. விளையாட்டுக்கல்ல, நிஜமாகவே கம்பவுண்டரிடம் கேட்டிருந்தார். அம்மா கம்ப்யூட்டருக்கு மூன்று சட்டைகளையும் மாட்டி, இனி கழற்றக்கூடாது என்றாள்.

மழைக்கு ஸ்கூல் லீவு விட்ட அன்று நான் பிள்ளை மடுவத்துக்குப் போனேன். எனக்குக் கோபம். நான் அத்தனை அழகாக இறக்கியும் ஒருவர் பயப்படுகிறார் என்றால் எப்படி? உள்ளே வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். பால் பவுடரும் நனைந்த கம்பளியும் கலந்த வாசனை. ஒரு தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"பிளேன் விழுந்துடும்னு பயமா?" என்று நேராகவே கேட்டேன்.

"விழுறதுக்கா? அதுக்கு ஏன் புள்ள பயப்படணும்? விழுந்தா எல்லாருக்கும் தானே." தொட்டிலை நிறுத்தினார். "நாங்க வந்த கப்பலு ஒரு கரைச்சலும் இல்லாம வந்துச்சி தெரியுமா."

தொல்லையை அவர்கள் கரைச்சல் என்பார்கள், ரயிலைக் கோச்சி என்பார்கள்.

"கோச்சி பொறப்படயில அக்கா கூடவே ஓடி வந்துச்சி. கப்பல்ல ஏறின பொறவும் நான் பாத்துக்கிட்டே இருந்தேன். எங்கயாச்சும் எஞ்சின் நின்னு போகாதா, எல்லாரையும் திருப்பிக் கொண்டுபோய் விடுங்கன்னு சொல்ல மாட்டானா. நிக்கல. நல்ல கப்பலு. கரைச்சல் இல்லாததாலதானே திரும்பல."

தொட்டிலை மறுபடியும் ஆட்டினார்.

"இப்ப எம் மகன் இங்க. பேரப்புள்ளைக இங்க. அங்க போய் எறங்கினா, நீ இங்க பொறந்தவ தானே, இருன்னு சொல்லிட்டா? இல்ல இங்க வந்து எறங்கயில, நீ சிலோன்காரி தானே, அங்கயே போன்னு சொல்லிட்டா? ஒருக்கா கையெழுத்து வாங்கிட்டு அப்பிடித்தானே அனுப்பினாங்க. அக்காவப் பாக்கணும் புள்ள. பாக்காமப் போனா நான் என்ன மனுசி. ஆனா ஒம் பிளேனு கெட்டிருந்தப்ப எப்பிடியும் திருச்சிக்கு வந்துரும். நல்லானதும் வரல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனையோ ஊர்களுக்கு நான் ஓட்டியிருக்கிறேன். போன ஊரிலிருந்து ஒருமுறைகூடத் திரும்பி வந்ததில்லை. நம்மில் யார் வந்திருக்கிறோம்? இறங்கியதும் எஸ்கேப்பை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போவோம். விமானம் அங்கேயே கிடக்கும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். கம்ப்யூட்டரின் சட்டைகளை ஒவ்வொன்றாக உருவினாள். மடிக்காமல் கட்டிலில் வீசினாள். "போயிக் கூட்டிட்டு வா" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் மறுபடியும் திருச்சி, தொண்டி, கடல், கொழும்பு. இறங்கியதும் நான் எஸ்கேப்பை அழுத்தவில்லை. ரன்வேயின் கடைசியில் விமானத்தைத் திருப்பி நிறுத்தி, வந்த வழியைப் பார்க்க வைத்தேன். "இப்ப இங்கருந்து திருச்சி" என்றேன். மடுவத்தம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கடலுக்கு நடுவில் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. அப்பா துள்ளி எழுந்தார். "மறுபடியும் எஞ்சினா?"

"இல்லப்பா, கரண்ட் போச்சு. யுபிஎஸ் கத்துது."

அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்ல முடியாது. இருட்டில் திரை மட்டும் நீலமாக இருந்தது. மடுவத்தம்மா மட்டும் பதறவில்லை.

"எங்க இருக்கோம் புள்ள?"

"கடல் மேல. பாதியில."

"எந்தப் பக்கமா போறோம்?"

"திருச்சிப் பக்கம்."

"அப்பச் சரி" என்று சாய்ந்து உட்கார்ந்தார்.

கரண்ட் வந்துவிட்டது. இரண்டு எஞ்சினும் ஓட, திருச்சியில் இறங்கினோம். அப்பா மடுவத்தம்மா முன்னால் வந்து உட்கார்ந்து, பாஸ்போர்ட்டைப் பிரித்து, எந்தப் பக்கத்தில் எந்த முத்திரை விழும், திருச்சியில் கேட்டால் என்ன சொல்ல வேண்டும், யாராவது மறித்தால் ஆபீஸ் நம்பருக்கு எப்படி ஃபோன் செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த மழைக்காலம் முழுக்க அவர் சொல்லியிருக்க வேண்டியது அதுதான். பல்பு எரித்ததில் அது விட்டுப்போயிருந்தது.

ஆவணியில் மடுவத்தம்மா போனார். அக்காவுக்குப் பேச்சு வரவில்லையாம். இவர் கையைப் பிடித்தபிறகு விடவேயில்லையாம். இவர் ஊட்டினால் கஞ்சி குடித்ததாம், மற்றவர்கள் ஊட்டினால் குடிக்கவில்லையாம். இவர் இங்கே வந்துசேர்ந்த மறுமாதம் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். இதெல்லாம் நாங்கள் பிறகு கேட்டது.

அந்த ஜாய்ஸ்டிக் இப்போது எங்கே என்று தெரியவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது பீரோவோடு போயிருக்கலாம். நாப்தலின் வாசனை எங்கே வந்தாலும் என் இடக்கை இன்றைக்கும் நாற்காலிக் கையில் சைபரைத் தேடும்.

மடுவத்தம்மா வந்து சேர்ந்த அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர் வீட்டுக்குப் போகாமல் நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் ஒரு பொட்டலம். தேயிலைத் தோட்டத்துக்கு அங்கிருந்து தேயிலை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "ரெண்டு எஞ்சினும் நல்லாத்தான் ஓடிச்சி புள்ள" என்றார்.

அப்பா சத்தம் கேட்டு வெளியே வந்தார். "ஏனுங்கம்மா, வந்துட்டீங்களா?"

மடுவத்தம்மா குடையை மடக்கி, தண்ணீர் சொட்டாமல் சுவரோரம் சாய்த்தார்.

"வரலீங்க ஐயா" என்றார். "திரும்பி வந்திருக்கேன்."